தலை யாருக்கு?

அத்தியாயம் 11

மூன்று நாளாகக் கம்ஷாத் ஒரு செத்துப்போனவனின் பெண்டாட்டி. அதுவரை காணாமல்போனவனின் பெண்டாட்டியாக இருந்தாள். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏழு வருஷம் அந்த நிலையிலேயே குடியிருந்தவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஒராஸாலியைச் சாகடித்தது வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அண்ணன் துர்சின். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் தம்பி மகன் எர்கனாத்துக்குப் பெண் பேசப் போனவர், "பையனோட அப்பா?" என்று பெண்ணின் தகப்பன் கேட்டதும், "போய்ச் சேர்ந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்து கம்ஷாத்தின் வாசலில் நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல், சொன்னதைச் சொன்னார்.

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? காணோம்னு சொன்னா, ஏன் போனான், எவளோட போனான்னு நோண்டுவாங்க. செத்துட்டான்னா பேச்சே இல்ல. அவனுக்காக ஒரு துவா கேட்டா முடிஞ்சது. உன் பையன் அந்தப் பொண்ணு மேல உசுரையே வச்சிருக்கானா இல்லையா?"

வச்சிருந்தான். அதை யார் மறுப்பது? போன வசந்தத்தில் ஆடுகளுக்கு ஊசி போட மருந்துப் பெட்டியோடு வந்தவள் அக்போத்தா. முப்பத்திரண்டு ஆடுகளைப் பிடித்துக் கொடுத்த எர்கனாத், அவள் கிளம்பிவிடுவாளே என்று முப்பத்துமூன்றாவதாக ஊசி போட்ட ஆட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு வந்தான். "இதுக்குப் போட்டாச்சு, உங்களுக்கு வேணும்னா ஒண்ணு போடவா?" என்று அவள் கேட்டாளாம். அன்றோடு பையன் காலி.

இன்றைக்கு அந்த அக்போத்தாவின் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். சம்பந்தம் முடிக்க.

விடிந்ததும் கம்ஷாத் தொழுவத்துக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருந்த பனியைக் கடப்பாரையால் உடைத்தாள். ஆடுகள் மூச்சுப் புகை விட்டுக்கொண்டு முட்டி மோதி வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது அந்தக் கிடா. மூன்று வயசு, காயடித்தது, வால்கொழுப்பு தொங்கத் தொங்க நடக்கும். இன்றைக்கு விருந்துக்கு அதுதான்.

அது பிறந்தபோது தாய் ஆடு அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. முட்டித் தள்ளியது. கம்ஷாத் குட்டியின் முதுகெல்லாம் உப்பைத் தேய்த்து, தாயின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உப்புக்கு நக்க ஆரம்பித்த ஆடு, நக்கி நக்கியே அதைத் தன் குட்டி என்று ஒப்புக்கொண்டது.

தின்னப்போகிற ஆட்டுக்குப் பேர் வைக்கக்கூடாது என்பது கம்ஷாத்தின் கட்டளை. மகள் மர்ஜானுக்கு வயசு பதினைந்து. கட்டளையை எல்லாம் அவள் எங்கே கேட்டாள்? மந்தைக்கு முன்னால் தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று அதற்கு 'ஹெட்மாஸ்டர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

எர்கனாத் தொழுவத்து வாசலில் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயசு. தீட்டிய கத்தியையே திரும்பத் திரும்பத் தீட்டினான்.

"போதும்டா, தேஞ்சு ஊசியாயிடும்."

"அம்மா, அவங்க வந்ததும் நிஜத்தைச் சொல்லிடட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு இரு. இன்னிக்கு ஒரு நாள். பெரியப்பா உனக்காகத்தான் வாக்கைக் கொடுத்துட்டு வந்திருக்கார்."

"அக்போத்தாவுக்கே அப்பா காணோம்னு நான் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இப்ப செத்துட்டார்னு அவ அழுதிருக்கா, எனக்காக."

கம்ஷாத்துக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "கல்யாணம் ஆகட்டும். பொறுமையா நான் சொல்றேன்."

அவன் கத்தியைத் தொடையில் துடைத்தான். "விருந்துல ஆட்டுத்தலை என் பக்கம் வந்தா?"

"வராது. சம்பந்திதான் மூத்தவர். அவர் முன்னாலதான் வைப்போம்."

"ஒருவேளை வந்துட்டா?"

கம்ஷாத் அடுத்த தொட்டியின் பனியை உடைக்கப் போய்விட்டாள்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அப்பன் உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளை, வேகவைத்த ஆட்டுத்தலையில் கத்தி வைக்கமாட்டான். வைத்தால் அப்பன் கழுத்திலேயே வைத்த மாதிரி. பக்கத்து வீட்டு ஸெய்த்காலிக்கு அறுபத்தொன்று ஆகிறது, அவர் அப்பாவுக்கு எண்பத்தெட்டு. எந்த விருந்திலும் தலை அவர் பக்கம் திரும்பினால், "ஐயோ, எங்க வீட்டுக் கிழவர் இன்னும் குதிரை ஏறுறாருங்க!" என்று இரண்டு கையாலும் தள்ளிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா மெய்ரம்பெக் இறங்கியபோது ஜீப் ஒரு சாண் உயர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு. குரலும் அதற்கேற்ற மாதிரி. பின்னால் அவர் மனைவி குல்யாஷ், இன்னும் மூன்று உறவுக்காரர்கள். துர்சின் ஓடிப்போய் எல்லாரையும் கட்டிப்பிடித்தார். மர்ஜான் வாசலில் நின்று மிட்டாயும் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் மாவு உருண்டைகளும் அள்ளி வரவேற்பாக அவர்கள் தலைமேல் எறிந்தாள். ஒன்று சரியாக மெய்ரம்பெக்கின் மூக்கில் பட்டது.

"குறி நல்லா இருக்கே! இவளையும் ஒரு பையனுக்குப் பேசிடலாமா?" என்றார் அவர். மர்ஜான் உள்ளே ஓடிவிட்டாள்.

வழக்கப்படி எர்கனாத் கிடாவை வாசலுக்கு இழுத்து வந்தான். விருந்தாளி துவா கேட்ட பிறகுதான் அறுக்கவேண்டும். மெய்ரம்பெக் தொப்பியைச் சரிசெய்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். எல்லாரும் விரித்தார்கள்.

பிள்ளைகள் பெருகவேண்டும் என்றார். மந்தை பெருகவேண்டும் என்றார். அப்புறம் அந்தப் பெரிய குரல் தணிந்தது.

"எங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்த எங்க சம்பந்தி, இந்த வீட்டுத் தலைவர் ஒராஸாலிக்கு, அல்லா சொர்க்கத்துல நல்ல இடமாக் குடுக்கட்டும். அவர் பார்க்காத கல்யாணத்தை அவர் ஆத்மா பார்க்கட்டும். ஆமீன்."

"ஆமீன்" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். துர்சின் அவசர அவசரமாகத் தடவினார்.

கம்ஷாத்தின் கைகள் தாமதமாகத்தான் எழுந்தன. ஆனால் எழுந்தன. குளிர்ந்த விரல்கள் தன் கன்னத்தில் பட்டபோது, ஒராஸாலிக்காக முதல்தடவை ஜனாஸா எடுக்கிற சாவு வீட்டில் நிற்பதுபோல் அவளுக்குக் கண் கலங்கியது. வந்தவர்கள் அதைப் பார்த்து இன்னும் இரக்கப்பட்டார்கள். அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

எர்கனாத் மட்டும் முகத்தைத் தடவவில்லை. அவன் இரண்டு கையும் கிடாவின் கம்பளிக்குள் இருந்தன. ஆட்டைப் பிடித்திருக்கிறவனை யார் கவனிக்கப்போகிறார்கள்?

தொழுவத்துக்குப் பின்புறம், மெக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்து, மூன்று காலைக் கட்டிக் கிடத்தினான். கிடாவின் காதைத் தடவி என்னவோ சொன்னான். பிஸ்மில்லா சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தான். கை நடுங்காமல் செய்தான் என்பதில் கம்ஷாத்துக்குத் திருப்தி. ஆட்டுக்கு நோகக்கூடாது, அதுதான் முக்கியம். ரத்தம் பனிக்குழியில் இறங்கியது. நாய்களை மர்ஜான் விரட்டினாள்.

உத்தரத்தில் தொங்கவிட்டு, முஷ்டியைத் தோலுக்கும் கறிக்கும் நடுவில் விட்டு விட்டு உரித்தான். தோல் ஒரு கீறல் இல்லாமல் சட்டை மாதிரி கழன்று வந்தது. கோடரியே தொடவில்லை. எலும்பை உடைக்காமல், மூட்டு மூட்டாகக் கத்திமுனையால் தேடிப் பிரித்து வைத்தான். தொடை, சப்பை, இடுப்பெலும்பு, விலா, நெஞ்செலும்பு. எது யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது, உடைத்தால் பங்கு கெட்டுவிடும்.

கம்ஷாத் குடலை அகலப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டாள். மர்ஜான் வெந்நீர் ஊற்றி அலசினாள். அலசும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி?"

"ஹெட்மாஸ்டர் போயிட்டார்."

"பேர் வைக்காதன்னு சொன்னேனா இல்லையா? அழறதுன்னா நல்லா அழு. ஆனா கையை நிறுத்தாத, தண்ணி உறைஞ்சிடும்."

மர்ஜான் அழுதுகொண்டே சிரித்தாள். கம்ஷாத் புறங்கையால் மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்தில் குடல் கொழுப்பு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள்.

அறுக்கவேண்டிய ஆடுதான் அது. வளர்த்தது இதற்குத்தான். அதற்காகப் பிரியம் இல்லையென்று ஆகிவிடுமா?

தலையையும் காலையும் வாட்டுகிற வேலையைக் கம்ஷாத் யாருக்கும் விடவில்லை. முற்றத்தில் வறட்டி நெருப்பு மூட்டி, தலையைக் கம்பியில் குத்தி, முடி பொசுங்கப் பொசுங்கத் திருப்பினாள். குல்யாஷ் வெளியே வந்தாள். வந்தவள் சும்மா நிற்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரில் குந்தினாள்.

"சம்பந்தியம்மா, நீங்க விருந்தாளி. உள்ள போய் உக்காருங்க."

"உள்ள உக்காந்து டீ குடிச்சுக் குடிச்சு வயித்துக்குள்ள தண்ணி தளும்புது. எங்க வீட்டு மனுஷன் பேச ஆரம்பிச்சா சமோவார் காலியாகாம நிறுத்தமாட்டார். கத்தியைக் குடு."

கருகிய முடியைக் கத்தியின் முதுகால் சுரண்ட ஆரம்பித்தாள். கைதேர்ந்த கை. காதுக்குள்ளே, கண் ஓரம் எல்லாம் விடாமல் சுரண்டினாள்.

"எத்தனை வருஷம் ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏழு." அது உண்மை.

"உடம்பு முடியாமயா?"

"லாரி ஓட்டப் போனார். வடக்க, எல்லை தாண்டி. முதல்ல கொஞ்ச நாள் போன் பண்ணிட்டிருந்தார். அப்புறம் பனிக்காலம்..." கம்ஷாத்துக்கு அதற்குமேல் வரவில்லை. வந்தது எல்லாம் உண்மை. அடுத்து வரவேண்டியதுதான் பொய்.

குல்யாஷ் சாம்பல் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடு. சொல்லவேணாம். நான் ஒரு கூறுகெட்டவ, இதைப் போய்க் கேட்டேன் பாரு." பிறகு தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே சொன்னாள், "எம் பொண்ணு உன்கிட்டதான் இருக்கப்போறா. சமைக்கத் தெரியாது. ஆனா ஆட்டுக்குக் குட்டி திரும்பிக்கிச்சுன்னா கைவிட்டு எடுத்துடுவா. அதுல சமாதானம் பண்ணிக்க."

"எனக்கு அது போதும் சம்பந்தியம்மா. சமையலை நான் பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட மனுஷியையா ஏமாற்றுகிறோம் என்று கம்ஷாத்துக்குக் கூசியது. கூசிக்கொண்டே யோசித்தாள். ஏழு வருஷமாகக் கட்டில் காலி. தொழுவம், வைக்கோல், பிள்ளைகள் எல்லாம் தனியாகத்தானே? ஒராஸாலி செத்தவராகவே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தனக்குத்தான். தன் நஷ்டத்தில் பையனுக்கு ஒரு வீடு அமைகிறது என்றால், அமையட்டும். நெருப்பை அணைக்கும்போது அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். இனி விதவைதான்.

நாலு மணிக்குக் கறி வெந்தது.

தாழ்ந்த மேசையைச் சுற்றி எல்லாரும் மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு எதிரே, நடு இடத்தில் மெய்ரம்பெக். அவருக்கு வலதில் துர்சின். எர்கனாத் கடைசியில், கதவோரம். கம்ஷாத் சமோவார் பக்கம். பெரிய தட்டில் மாவுத் தகடுகள், மேலே கறி, வெங்காயம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு; அதில் மெல்லிசாக அரிந்த வால்கொழுப்பும் ஈரலும். இரண்டு வீட்டாரும் அதை ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் யாராலும் பிரிக்கமுடியாது.

துர்சின் தலையைத் தனித்தட்டில் எடுத்து, முகம் விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி மெய்ரம்பெக் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். கம்ஷாத்தும் விட்டாள். அவ்வளவுதான், இனி பயமில்லை.

மெய்ரம்பெக் கத்தியை எடுத்தார். தலையைப் பார்த்தார். பிறகு கதவோரம் பார்த்தார்.

"இங்க வா தம்பி."

எர்கனாத் எழுந்துவந்து மண்டியிட்டான்.

"என் வயசுக்கு நூறு தலை வெட்டியாச்சு. ஒரு தலை குறைஞ்சா நான் இளைச்சிடமாட்டேன். பதினஞ்சு வயசிலிருந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்க. அப்பா இல்லாத பையன்னு உன்னை யாரும் கீழ பாக்கக்கூடாது. இந்த வீட்டுக்கு நீதான் தலைவன். அதை இன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்." தட்டைத் திருப்பி அவன் முன்னால் நகர்த்தினார். கத்தியை, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "நீ வெட்டு, மாப்ள."

நல்ல மனசு படைத்தவர் செய்கிற காரியம் இது. அதுதான் வினை.

துர்சின் முகத்தில் ஈயாடவில்லை. "சம்பந்தி, சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? இப்படிக் குடுங்க, நான்..."

"நீங்க உக்காருங்க சம்பந்தி. வீடு அவனோடது."

எர்கனாத் கத்தியை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்கமுடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்தான்.

கம்ஷாத் கையில் பால் ஊற்றிய டீக்கிண்ணம் இருந்தது. அவள் மகனின் கண்ணைப் பார்த்தாள். வெட்டு கண்ணு, என்று தலையசைத்தாள். தெளிவாகவே அசைத்தாள். அசைத்து முடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைக்கவேண்டியதாயிற்று.

எர்கனாத் கத்தியைத் தலைக்குக் கிட்டே கொண்டுபோனான். கன்னத்துச் சதைக்கு நேரே கத்திமுனை நின்றது. நின்றது நின்றதுதான்.

பிறகு கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி மெய்ரம்பெக் பக்கம் திருப்பினான்.

"மாமா, மன்னிச்சுக்கங்க. இதுல நான் கத்தி வைக்கமுடியாது."

"ஏம்ப்பா?"

"எங்க அப்பா மேல யாரும் மண்ணு போடல."

மெய்ரம்பெக் அவன் பக்கம் குனிந்தார்.

"என்ன சொல்ற? புரியும்படி சொல்லு."

"போனார். திரும்பி வரல. அவ்வளவுதான் மாமா. செத்துட்டார்னு நாங்க சொன்னது தப்பு."

மெய்ரம்பெக்கின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. துர்சினைப் பார்த்தார். துர்சின் தன் முழங்காலைப் பார்த்தார்.

"பகல்ல என்ன துவா கேட்டேன் நான்? செத்தவனுக்குக் கேக்கவேண்டிய துவாவ, உயிரோட இருக்கிறவனுக்குக் கேக்க வச்சிருக்கீங்க! என் நாக்கால! ஒரு மனுஷனை உயிரோட குழியில இறக்க வச்சிருக்கீங்க என்னை! யார் பண்ணின வேலை இது?"

அந்த நிமிஷம் கம்ஷாத்துக்குத் துர்சின்மேல் கோபம் வரவில்லை. ஏழு வருஷமும் வைக்கோல் ஏற்றி இறக்கிக் கொடுத்தவர், வைத்தியத்துக்கு வண்டி கட்டியவர்.

"மச்சாண்டாரைக் கேக்காதீங்க சம்பந்தி" என்றாள். "எங்க நல்லதுக்குன்னு சொன்னது. நீங்க துவா கேட்டப்ப ஆமீன் சொல்லி முகத்தைத் தடவினவ நான். காணாமப்போனவர் பெண்டாட்டி. என்னைக் கேளுங்க."

மெய்ரம்பெக் எழுந்தார். மேசை ஆடியது. "கிளம்பு" என்றார் மனைவியைப் பார்த்து.

குல்யாஷ் ஒரு விலாத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் சாப்பிடல."

"குல்யாஷ்!"

"உக்காருங்க. மலைப்பாதையில வெறும் வயித்தோட போய் என்னைத் திட்டிக்கிட்டே வருவீங்க, எனக்குத் தெரியாதா?" எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும்தான் எரியுது. அடுப்புக்கிட்ட உக்காந்து அந்தம்மா கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னேன். ஆனா ஒண்ணு யோசிங்க. பையன் பேசாம வெட்டியிருந்தா? இந்நேரம் நீங்க காதை மென்னுக்கிட்டு, பேஷ் பேஷ்னு இருப்பீங்க. யாருக்குத் தெரியும்? அவங்க அம்மாவே வெட்டுன்னு தலையாட்டினா, நான் பாத்தேன். பொண்ணு கைக்கு வர்ற நேரத்துல, கத்தியைக் கீழ வச்சான் பாருங்க. இத்தனை பேர் உக்காந்திருக்கோம், இங்க பொய்யை வேணாம்னு சொன்னவன் ஒருத்தன். அவனுக்குத்தானே பொண்ணு கேட்டாங்க? அந்தப் பெரியவருக்கா?"

துர்சின் இன்னும் குனிந்தார்.

மெய்ரம்பெக் நின்றபடியே தலை இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சின்னத் தட்டை, அந்த வால்கொழுப்பையும் ஈரலையும், விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதை இன்னிக்கு யாரும் தொடக்கூடாது. தலையையும் தொடவேணாம். அப்படியே உறைய வைங்க. நவ்ரூஸ் பண்டிகைக்கு இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. அதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இருக்கார்னு வாங்க, பொண்ணு தரேன். இல்லன்னு வாங்க, அப்பவும் தரேன். தெரியலன்னு மட்டும் என் வாசலுக்கு வரக்கூடாது. தெரியாத மனுஷனுக்கு நான் எந்தத் துவாவைக் கேப்பேன்?"

மற்றதைச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது குல்யாஷ் கம்ஷாத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை; ஆனால் அவள் கம்பளிச் சால்வையின் முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுப் போனாள். ஜீப் மலைப்பாதையில் ஏறி மறைந்தது. துர்சின் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் நடந்துபோனார்.

இருட்டுவதற்குள் ஆடுகளுக்குத் தீவனம் போடவேண்டும். எந்தச் சம்பந்தம் முறிந்தாலும் ஆட்டுக்குப் பசிக்கும். கம்ஷாத் வைக்கோலைப் பிரித்துப் போட, எர்கனாத் கவைக்கோலால் அள்ளித் தொட்டிகளில் தள்ளினான்.

"என்மேல கோபமாம்மா?"

"இல்ல."

"நீ தலையாட்டினப்ப உன் முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தைப் பாத்துட்டு எவன் வெட்டுவான்?"

கம்ஷாத் வைக்கோல் கட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாதது தொண்டைக்கு வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது?

"எர்கனாத், ஊரெல்லாம் நான் காத்துக்கிட்டிருக்கேன்னு சொல்றாங்க. என்ன பொறுமை, என்ன பொறுமைங்கறாங்க. நான் ஒரு நாள்கூடத் தேடலப்பா. போலீஸ்ல எழுதிக் குடுக்கல. அவரோட லாரி ஓட்டினவன் ஒருத்தன் ரெண்டு வருஷம் முன்னாடி சந்தையில எதிர்ல வந்தான். நான் பாக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிட்டேன்."

அவன் கவைக்கோலை நிறுத்தினான்.

"தேடினா ரெண்டுல ஒண்ணு தெரியும். செத்தார்னா நான் விதவை. இருக்கார்னா, நம்மள வேணாம்னு போனவர். எனக்கு ரெண்டுமே வேணாம்னு இருந்துச்சு. தெரியாமலே இருந்தா, அவர் இன்னும் என் புருஷன். அதுக்காக உங்க ரெண்டு பேரையும் இந்தத் தெரியாததுக்குள்ளயே வளர்த்துட்டேன். என்னை மன்னிச்சுடுடா."

எர்கனாத் வந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டையில் இன்னும் ஆட்டுக்கொழுப்பு வாசனை அடித்தது.

"அம்மா, நான் தேடினேன்."

அவள் நிமிரவில்லை.

"போன வசந்தத்துக்கு முந்தி, டிராக்டர் சாமான் வாங்கறேன்னு அல்மாட்டிக்கு மூணு நாள் போனேனே."

"சாமான் வாங்காம வந்த. கடை பூட்டிட்டாங்கன்ன."

"கடை திறந்துதான் இருந்துச்சு."

கம்ஷாத் மெதுவாக விலகினாள். பையன் தட்டைத் திருப்பி வைத்தது, 'யாரும் மண்ணு போடல' என்று அளந்து சொன்னது, இரண்டும் இப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரி விளங்கின. தெரியாமல் மறுத்தவன் இல்லை அவன். தெரிந்துதான் கத்தியைக் கீழே வைத்திருக்கிறான். இத்தனை மாசமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவளோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான், எதற்காக? அவளுக்காக.

"சொல்லிடறேன்மா. இனிமே என்னால..."

"இரு."

கையை உயர்த்தி நிறுத்தினாள். கடப்பாரையை எடுத்துத் தொட்டியில் புதிதாகப் படிந்திருந்த பனியை உடைத்தாள். ஆடுகள் வந்து தலையை விட்டுக் குடித்தன. கடைசி ஆடு குடித்து நகரும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஏழு வருஷமாகத் தெரியாமல் இருந்ததில் மிச்சமிருந்தது அவ்வளவு நேரம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, சால்வையை மடியில் ஒதுக்கிக்கொண்டு மகனை அண்ணாந்து பார்த்தாள்.

எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார், ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"நல்லா இருக்காரா?" என்றாள்.